வாகனம் ஒரு பக்கம் சரிகிறதா? ஸ்பிரிங் வாங்குமுன் அளந்து பாருங்கள்

பனிக்காலத்துக்கும் மலைப்பாதைக்கும் உதவும் என்று நான்கு சில்லும் இழுக்கும் பழைய வாகனங்களை எங்கள் ஆட்களிலும் சிலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். லாண்ட் றோவர், ரொயோட்டா லாண்ட் குறூசர், லாடா நீவா என்று பலவகை. எல்லாவற்றுக்கும் பொதுவான நோய் ஒன்று உண்டு. வயது போகப் போக ஒரு பக்கம் சரியத் தொடங்கும்.

இது பார்வைக்கு மட்டும் உள்ள குறை அல்ல. பாரம் நான்கு சில்லுக்கும் ஒழுங்காகப் பிரியாது. வழுக்கும் வீதியில் பிரேக் பிடித்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கக் கூடும். ஸ்பிரிங் முறிந்திருந்தால் ஈயூ கொன்ட்ரோலிலும் தேறாது. சாதாரண கார்கள் 4 வருடத்தில் முதல் தடவையும் அதன்பின் 2 வருடத்துக்கு ஒரு தடவையும் இந்தச் சோதனைக்குப் போக வேண்டும். தவணை தப்பினால் ஓட்டத் தடை வரும். இலக்கத்தகட்டையும் கழற்றி எடுத்துவிடலாம்.

ரொம்சோசில் எங்கள் புளொக்கில் இருக்கும் அண்ணை ஒருவர் விடிய நாலரை மணிக்கு வேலைக்குப் புறப்படுபவர். அவருடைய பழைய நீவா இடப்பக்கம் சரிந்து நின்றது. சோதனைத் தவணைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. ஒரு கராச்சில் பின் சொக் அப்சோபர் இரண்டையும் மாற்றிக் காசும் வாங்கிவிட்டார்கள். "தம்பி, இவ்வளவு காசு குடுத்தும் வண்டி அப்பிடியேதான் சரிஞ்சு நிக்குது" என்று வந்து நின்றார்.

நிற்காமல் என்ன செய்யும்? வாகனத்தின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். சொக் அப்சோபரின் வேலை, அந்த ஸ்பிரிங் திரும்பத் திரும்பத் துள்ளாமல் அடக்குவது மட்டுமே. மூலையை அமத்திவிட்டால் வாகனம் பல தடவை ஆடினால் அது பழுது. அசையாமல் நிற்கும் வாகனம் சரிந்திருந்தால் குற்றவாளி வேறு.

எப்படி அளப்பது?

தொழிற்சாலையில் நாங்கள் அளக்காமல் ஒரு தகட்டையும் வெட்டுவதில்லை. இதற்கும் அதே விதிதான். சமதரையில் நிறுத்துங்கள். கார் நிறுத்தும் கட்டடத்தின் சீமெந்துத் தரை நல்லது. ஆனால் தண்ணீர் வடிய அதிலும் சரிவு வைத்திருப்பார்கள். ஆகவே ஒருமுறை அளந்த பின், வாகனத்தை மறுபக்கம் திருப்பி நிறுத்தி இன்னொரு முறை அளக்க வேண்டும். உள்ளே இருக்கும் சாமான்களை இறக்குங்கள். நான்கு ரயருக்கும் சரியான காற்று அடியுங்கள்.

இப்போது சில்லின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்காட்டின் விளிம்பு வரை அளந்து, நான்கு மூலைக்கும் எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் ரயரின் தேய்வும் கணக்கில் சேர்ந்துவிடும். சில்லின் நடுவிலிருந்து அளந்தால் ஸ்பிரிங்கின் நிலை மட்டும் தெரியும்.

அண்ணையின் நீவாவில் பின் இடப்பக்கம், பின் வலப்பக்கத்தைவிட 3 சென்ரிமீற்றர் பதிவு. முன் வலப்பக்கமோ முன் இடப்பக்கத்தைவிட 1 சென்ரிமீற்றர் உயரம். நாலு கால் கதிரையில் ஒரு கால் கட்டையானால் எதிர்மூலை கிளம்புவதுபோலத்தான் இதுவும். முன் வலப்பக்கம் உயர்ந்து நிற்கிறது என்று அங்கே கைவைத்தால் காசுதான் போகும்.

எந்த அச்சில் குற்றம்?

இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. பின் அச்சின் நடுவில் ஜக்கு வைத்து, பின் சில்லுகள் நிலத்தை விட்டு மட்டுமட்டாக எழும்பும்வரை உயர்த்துங்கள். இப்போது வாகனத்தை இடம் வலமாகத் தாங்குவது முன் ஸ்பிரிங்குகள் மட்டுமே. சரிவு மறைந்தால் குற்றம் பின்னால். அப்படியே இருந்தால் முன்னால். அண்ணையின் வாகனம் நிமிர்ந்துவிட்டது.

இதைச் செய்யும்போது முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க மறக்கவேண்டாம். நீவாவின் கைப்பிரேக் பின் சில்லுகளைத்தான் பிடிக்கும். அவை அந்தரத்தில் இருக்கும்போது கைப்பிரேக் இருந்தும் பயனில்லை. ஜக்கில் நிற்கும் வாகனத்துக்குக் கீழே தலையைக் கொடுக்கவே கூடாது.

கறள் செய்யும் வேலை

இங்கே பனிக்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். உப்பும் ஈரமும் ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் தங்கிக் கறள் பிடிக்க வைக்கும். ஸ்பிரிங்கின் வலு கம்பியின் மொத்தத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மில்லிமீற்றர் கம்பி கறளால் 11 மில்லிமீற்றராக மெலிந்தால் வலுவில் ஏறத்தாழ 30 வீதம் போய்விடும். பிறகு ஒரு குளிர்ந்த காலையில் பள்ளத்தில் விழ, அடிச்சுற்று முறியும். முறிந்த துண்டு கிண்ணத்துக்குள்ளேயே கிடப்பதால் குனிந்து பார்த்தாலும் தெரியாது. ரோச் அடித்து, கையால் தடவிப் பார்க்க வேண்டும். அண்ணையின் பின் இட ஸ்பிரிங்கில் அரைச்சுற்று இல்லை.

சோடியாக மாற்றுங்கள்

ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் வாகனம் மறுபக்கம் சரியும். ஆகவே ஓர் அச்சின் இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். பாவித்தது வாங்குபவர்கள் இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். லாடா ஸ்பிரிங்குகளைத் தொழிற்சாலையிலேயே பாரம் ஏற்றி அளந்து, இரண்டு வகுப்பாகப் பிரித்து, சுற்றில் வேறுவேறு நிறக்கோடு போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். லாண்ட் றோவரிலோ கதை வேறு. அதன் பழைய வகைகள் பலவற்றில் சாரதி பக்கத்துக்கு ஒன்று, மற்றப் பக்கத்துக்கு ஒன்று என்று வெவ்வேறு ஸ்பிரிங். இலங்கையில் சாரதி வலப்பக்கம், நோர்வேயில் இடப்பக்கம். இங்கிலாந்திலிருந்து வந்த வாகனம் என்றால் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்ட யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் எங்கள் ஆட்கள். ஏதும் செய்து ஓட்டிவிடலாம் என்ற துணிவு எங்களுக்கு உண்டு. ஆனால் ஸ்பிரிங்கை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவதும், சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் செருகுவதும் வேண்டாம். முதலாவது உருக்கின் பதத்தைக் கெடுக்கும். இரண்டாவது மற்றச் சுற்றுகளுக்குப் பாரத்தைக் கூட்டி முறிக்கும். அமத்திய ஸ்பிரிங் நழுவினால் உயிரே போகலாம். அதற்குரிய கருவியும் பழக்கமும் இல்லாதவர்கள் அந்த வேலையைக் கராச்சிடம் விடுங்கள்.

புது ஸ்பிரிங் பூட்டிய பின், ரப்பர் புஷ் உள்ள ஆணிகளை வாகனம் தன் சில்லில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுகிக் கிழியும். நீவாவில் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்று பின் அச்சோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. உயரம் மாறினால் அதையும், முன் விளக்கின் குறியையும் சரிபார்க்க வேண்டும்.

அண்ணையின் வாகனம் தவணைக்கு முன்பே சோதனையில் தேறியது. சொக் அப்சோபருக்குக் கொடுத்த காசு மட்டும் திரும்பி வரவில்லை. உங்கள் வாகனம் சரிந்தால் கராச்சுக்குப் போகுமுன் நான்கு அளவையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். மொழி தடுமாறினாலும் அந்த நான்கு இலக்கங்களையும் காட்டி, எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று விளக்கலாம்.