எண்ணிக்கையும் ஆட்டமும்: பெருந்தொற்றுக் காலச் சிங்கப்பூரில் இந்தியச் சமூக விளையாட்டு

முன்னுரை

புலம்பெயர்ந்த சமூகங்கள் தம்மை நிலைநிறுத்திக்கொள்ளக் கோயிலையும் மொழிப்பள்ளியையும் சங்கத்தையும் நாடுகின்றன என்பது பலரும் அறிந்ததே. விளையாட்டுத் திடலும் அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கதாகும். கொவிட்-19 பெருந்தொற்றை முன்னிட்டு 2020 முதல் 2022 வரை சிங்கப்பூரில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள், இந்தியச் சமூகத்தின் விளையாட்டு வாழ்வை எவ்வாறு பாதித்தன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திடல்களும் சங்கங்களும்

லிட்டில் இந்தியாவை ஒட்டியுள்ள ஃபேரர் பார்க், 1933ஆம் ஆண்டு வரை குதிரைப் பந்தயத் திடலாக விளங்கியது. ரேஸ் கோர்ஸ் சாலை என்னும் பெயர் அதனை இன்றும் நினைவூட்டுகிறது. பந்தயம் புக்கிட் தீமாவுக்கு மாறிய பின்னர், அவ்விடம் காற்பந்து முதலிய ஆட்டங்களுக்குரிய பொதுத்திடலாயிற்று. 1923இல் தோன்றிய சிங்கப்பூர் இந்தியர் சங்கமும், 1928இல் இலங்கையரால் தொடங்கப்பட்ட சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப்பும் பாலஸ்டியர் சாலையில் அமைந்துள்ளன. கிரிக்கெட் இவற்றின் பொதுவாழ்வோடு பிணைந்த ஆட்டமாகும்.

இவையன்றி மற்றொரு விளையாட்டு மரபும் உண்டு. கட்டுமானம், கப்பல் பட்டறை ஆகிய துறைகளில் உழைக்கும் தமிழக, வங்காளதேச ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் கிரிக்கெட்டே அது. அதற்குச் சங்கமோ பதிவேடோ தேவையில்லை. ஒரு மட்டையும் பந்தும் வாரத்தில் ஓர் ஓய்வுநாளும் இருந்தால் போதும்.

எண்ணிக்கை விதி

நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நடப்பிலிருந்தது. அக்காலத்தில் தனியாகவோ ஒரே வீட்டினருடனோ உடற்பயிற்சி செய்வது மட்டுமே இயன்றது. ஜூன் 19 முதல் ஐவர் கூடலாம் என்றும், டிசம்பர் 28 முதல் எண்மர் கூடலாம் என்றும் விதி தளர்ந்தது. உருமாறிய கிருமி பரவியதால் 2021 மே 16 முதல் அவ்வெண்ணிக்கை இரண்டாகச் சுருங்கியது. அதன் பின்னர் ஏறியும் இறங்கியும் வந்த இவ்வரம்பு 2022 ஏப்ரல் 26 அன்றுதான் முற்றாக நீங்கியது.

இவ்விதி எல்லா ஆட்டங்களையும் ஒரே அளவில் தாக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஓட்டமும் மிதிவண்டிப் பயணமும் தொடர்ந்தன. இருவரோ நால்வரோ ஆடும் பூப்பந்து ஐவர் வரம்புக்குள் அடங்கியது. ஆனால் கபடிக்கு அணிக்கு எழுவராகப் பதினால்வர் வேண்டும். கிரிக்கெட்டுக்கு இருபத்திருவர் வேண்டும். எண்மர் கூடினால் பந்து வீசிப் பழகலாம். போட்டி நடத்த இயலாது. ஆகவே, முழு அணிகள் மோதும் ஆட்டம் ஏறத்தாழ ஈராண்டுக் காலம் பொதுமக்களுக்குப் பெரும்பாலும் எட்டாததாகவே இருந்தது.

கைகோத்துப் பிடிக்கும் ஆட்டமான கபடியில் தொற்றும் வாய்ப்பு மிகுதி என்பது வெளிப்படை. கிரிக்கெட்டிலோ ஆட்டக்காரர் திறந்தவெளியில் ஒருவரையொருவர் விலகியே நிற்கின்றனர். எனினும் எண்ணிக்கை விதியின் முன் இரண்டும் ஒன்றாயின. இங்கிலாந்து இதனை வேறுவகையில் அணுகியது. அங்கு 2020 ஜூலை 11 முதல் சமூக நிலைக் கிரிக்கெட் அனுமதிக்கப்பட்டது. ஆறு ஓவர்களுக்கு ஒருமுறை கைகளைத் தூய்மை செய்ய வேண்டும் என்பது போன்ற நெறிகள் வகுக்கப்பட்டன. அங்கே ஆடும் முறை மாற்றப்பட்டது. இங்கே ஆடுவோர் தொகை குறைக்கப்பட்டது. எனினும், ஆட்டத்தோடு பயணமும் உணவும் உரையாடலும் சேர்ந்தே நிகழ்கின்றன. நெருக்கம் மிகுந்த தீவு நகரம் எளிதில் கண்காணிக்கத்தக்க விதியை நாடியதற்கு இதனை ஒரு நியாயமாகக் கொள்ளலாம்.

விடுதிச் சுவர்களுக்குள்

மேற்கூறிய தளர்வுகள் யாவும் நகரவாசிகளுக்கு உரியவை. தங்கும் விடுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 323,000 ஊழியர்களின் நிலை வேறு. 2020 ஏப்ரலில் விடுதிகள் அடைக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் வெளியான அதிகாரபூர்வக் கணக்கின்படி, அவர்களுள் 47 விழுக்காட்டினர் தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். பின்னர் வேலைக்குச் செல்லவும், செயலி வழி அனுமதி பெற்று ஒதுக்கப்பட்ட நேரத்தில் பொழுதுபோக்கு மையங்களுக்குச் செல்லவும் வாய்ப்புக் கிட்டியது. ஆயினும் லிட்டில் இந்தியாவுக்கு வர 2021 செப்டம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும், தடுப்பூசி பெற்றவர்களுள் வாரத்திற்கு 500 பேர் வரை என்னும் முன்னோட்ட ஏற்பாடாகவே தொடங்கியது.

சங்க உறுப்பினர் இழந்தது போட்டியை. ஊழியர் இழந்தது ஞாயிற்றுக்கிழமையை. உடன் உழைப்போரும் ஒரே ஊராரும் ஒன்றுகூடிச் செய்தி பகிரவும், வேலை நிலவரம் அறியவும், துயருற்றவனுக்குத் துணைநிற்கவும் அந்த ஆட்டமே வாயிலாக அமைந்தது. உடலுக்குரிய பயிற்சியை விடுதியறையிலும் செய்யலாம். ஆனால் பலர் கூடுவதால் மட்டுமே பிறக்கும் உறவைத் தனியறையில் பெறுதல் அரிது.

முடிவுரை

கட்டுப்பாடுகள் நீங்கியதும் ஆட்டங்கள் திரும்பின. ஆயினும் திடல் நிலையானதன்று. ஃபேரர் பார்க்கில் ஏறத்தாழ 1,600 வீடுகளுடன், விளையாட்டுக்கும் ஓரளவு இடம் ஒதுக்கும் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. நிலம் அரிதான நாட்டில் வீட்டுத் தேவையைக் குறைகூற இயலாது. எனினும் திடலின் பயனை அளக்கும்போது, அங்கு எத்தனை பேர் உடற்பயிற்சி செய்கின்றனர் என்பதோடு, அங்கு யார் யார் ஒன்றுகூடுகின்றனர் என்பதையும் கணக்கிற்கொள்ள வேண்டும். இனியொரு தொற்று வருமாயின், திறந்தவெளி ஆட்டத்தையும் நெருங்கிப் பிடிக்கும் ஆட்டத்தையும் பிரித்தறியும் நெறிகளை முன்னரே வகுத்தல் நலம். அந்நெறிகள் விடுதிவாழ் ஊழியருக்கும் ஒப்ப உரியனவாதல் வேண்டும். பெருந்தொற்றுக் காலம் உணர்த்திய பாடம் இதுவே எனலாம்.