படகின் சைலன்சரை மாற்றுவது எப்படி?

உள்ளிணைப்பு இயந்திரம் பூட்டிய படகில் சைலன்சர் பழுதடைந்தால் சத்தம் கூடும் என்றே பலர் எண்ணுகின்றனர். சத்தம் அதனால் வரும் தீமைகளில் மிகச் சிறியது. ஓட்டை விழுந்த சைலன்சரால் நச்சுப் புகை படகின் அறைக்குள் பரவும். கடல்நீர் படகினுள்ளே வடியும். ஆகவே துணியும் கம்பியும் சுற்றிக் காலம் கடத்தாமல் அதனை மாற்றிவிட வேண்டும்.

இது வேலை செய்யும் விதம்

புகையோடு நீரும் வெளியே விழும் படகுகளையே இங்கு கருதுகிறோம். இயந்திரத்தைக் குளிரச் செய்த கடல்நீர், வளைகுழாயில் வைத்துச் சூடான புகையுடன் கலக்கப்படுகிறது. இரண்டும் சைலன்சருக்குள் இறங்குகின்றன. அங்கே தேங்கும் நீரைப் புகையின் அமுக்கம் வெளியே தள்ளுகிறது. உப்புநீரும் டீசல் புகையிலுள்ள கந்தக அமிலமும் சேர்ந்து இரும்புச் சைலன்சரை உள்ளிருந்தே அரிக்கின்றன. கண்ணாடியிழைச் சைலன்சர் துருப்பிடிக்காது. ஆனால் குளிர்நீர் நின்றுவிட்டால் வெப்பத்தால் கெட்டுவிடும்.

அடையாளங்கள்

பொருத்துகளில் கரி படிதல், துருநீர் வடிதல், இயந்திர அறையில் புகை மணம் ஆகியவற்றைக் கவனியுங்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. டீசல் புகையில் அது பெற்றோல் புகையிலும் குறைவு. ஆயினும், மூடிய அறையில் உறங்குபவரின் உயிரைப் பறிக்கக்கூடும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் ஏற்பட்டால் உடனே அவரைத் திறந்த காற்றுக்குக் கொண்டுவந்து, இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

மாற்றும் முறை

1. இயந்திரம் நன்றாக ஆறியபின் கடல்நீர் வால்வை மூடி, சைலன்சரிலுள்ள நீரை வடித்துவிடுங்கள்.

2. வளைகுழாயையும் கழற்றிப் பாருங்கள். கரி அடைத்திருந்தால் சுரண்டி எடுங்கள்; சுவர் மெலிந்திருந்தால் மாற்றுங்கள். பழைய கஸ்கற்றைத் திரும்பப் போட வேண்டாம்.

3. புதிய சைலன்சரின் கொள்ளளவும் வாயளவும் பழையதிலும் குறையக் கூடாது. வாய் சிறுத்தால் புகை தடைப்பட்டு இயந்திரத்தின் வலு குறையும்.

4. சைலன்சர் வளைகுழாயிலும் தாழ்ந்து இருக்கவேண்டும். வெளிச்செல்லும் குழாய் முதலில் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து, பின் சரிந்து செல்லவேண்டும். இல்லையேல் கடல்நீர் திரும்பி இயந்திரத்தினுள் புகுந்துவிடும்.

5. சாதாரண நீர்க்குழாய் உதவாது. புகைக்கென்றே செய்யப்பட்ட, கம்பி வைத்த றப்பர்க் குழாயைப் பூட்டுங்கள். ஒவ்வொரு முனைக்கும் துருப்பிடிக்காத உருக்குக் கிளிப் இரண்டு இடுங்கள்.

இயக்கும்போது

வால்வைத் திறந்து இயந்திரத்தை இயக்குங்கள். சற்று நேரத்தில் புகையுடன் நீர் வெளிவர வேண்டும். வராவிட்டால் நிறுத்தி, நீர்ப்பம்பினுள்ளே சுழலும் றப்பர்ச் சில்லைப் பாருங்கள். எல்லாப் பொருத்துகளிலும் கசிவு உண்டா எனச் சோதியுங்கள். இயந்திரம் சூடேறி ஆறியபின் கிளிப்புகளை மீண்டும் இறுக்குங்கள்.

இயந்திரம் பிடிக்காமல் ஸ்ராட்டரைத் திரும்பத் திரும்ப அடிப்பது ஆபத்து. அப்போது பம்பு நீரை அனுப்பும். தள்ளிவிடப் புகை இராது. சைலன்சர் நிரம்பி, நீர் சிலிண்டருக்குள் ஏறிவிடும். அவ்வேளையில் வால்வை மூடி வையுங்கள். இயந்திரம் பிடித்த உடனேயே திறந்துவிடுங்கள்.

ஒரு நாள் தொழில் போனாலும் கரையிலேயே இவ்வேலையை முடிப்பது நல்லது. நடுக்கடலில் உங்கள் படகை நம்பி உறங்குபவர்கள், வீட்டில் உங்களோடு சேர்த்து எதிர்பார்க்கப்படுபவர்கள் என்பதை மறவாதீர்கள்.