மூக்குக்குள் ஒரு கள்ளப் பட்டறை

மூக்கு என்றதும் நம் பெண்களுக்கு மூக்குத்தி ஞாபகம் வரும்; மழைக்காலமானால் ஜலதோஷம் ஞாபகம் வரும். அந்த மூக்குக்குள்ளே ஒரு கள்ளப் பட்டறை நடக்கக்கூடும் என்று சொன்னால் நம்புவீர்களா?

திருநின்றவூர்வாசிகள் நம்பக்கூடும். காஞ்சியில் அரசன் கல்லால் கோயில் எழுப்பியபோது, அவர்கள் ஊர்ப் பூசலார் நாயனார் யார் கண்ணுக்கும் தெரியாமல் நெஞ்சுக்குள்ளேயே ஒரு கோயிலைக் கட்டி முடித்தார் என்பது வரலாறு. அது புண்ணிய வேலை. நாம் சொல்ல வந்ததோ பொல்லாத வேலை.

மூக்கின் உச்சியில், மூளைக்குச் சற்றுக் கீழே, வாசனை அறியும் நரம்புகள் இருக்கின்றன. அடுப்பில் பால் பொங்குவதைக் கூடத்திலிருந்தே நமக்குச் சொல்வது அவைதான். அந்த இடத்தில் மிக அபூர்வமாக ஒரு புற்றுநோய் உண்டாகிறது. 1924-ல் பிரான்ஸ் தேசத்து டாக்டர்கள் இதை முதன்முதலில் விவரித்தார்கள்.

இந்தக் கட்டிகளில் சில, தமக்குச் சம்பந்தமில்லாத ஹார்மோன்களைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். "தண்ணீரை வெளியே விடாதே" என்று சிறுநீரகத்துக்கு உத்தரவிடும் ஹார்மோன் ஒன்று உண்டு. மூளை அதை அளவோடு அனுப்பும். கட்டிக்கு அளவேது? உடம்பில் நீர் தேங்கிவிடும். சாம்பாரில் தண்ணீரைக் கொட்டினால் உப்பு சப்பென்று ஆகிறதல்லவா? அப்படியே ரத்தத்தில் சோடியம் குறையும். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டியது மிகவும் இறங்கினால் தலைவலி, குமட்டல், மனக்குழப்பம். முற்றினால் வலிப்பு, நினைவிழப்பு.

இங்கேதான் ஆபத்து. நேற்றுவரை கணக்காகக் குடித்தனம் நடத்திய மாமியார் இன்று பேச்சுத் தடுமாறினால், "வயசாகிவிட்டது" என்கிறோம், "மனக்கோளாறு" என்கிறோம். மூக்கை யார் நினைக்கிறார்கள்? ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை சோடியக் குறைவைக் காட்டிவிடும். அதற்காக வீட்டிலேயே உப்பைக் கரைத்துக் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே அதை நிதானமாகத்தான் உயர்த்துவார்கள். அவசரப்பட்டால் மூளைக்குக் கெடுதல்.

இன்னும் சில கட்டிகள் வேறொரு ஹார்மோனைச் சுரந்து, அட்ரினல் சுரப்பிகளை முடுக்கிவிடும். முகம் நிலாப் போல் உப்பும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். கை கால் பலம் குன்றும்.

ஆறுதலான செய்தியும் உண்டு. அறுவை சிகிச்சையாலும் கதிர்வீச்சாலும் கட்டியை ஒழித்தால், பெரும்பாலும் ஹார்மோன் தொல்லையும் அடங்கிவிடும். பிற்பாடு சோடியம் மறுபடி குறைந்தால், நோய் திரும்புகிறதோ என்று டாக்டர்கள் உஷாராவார்கள்.

மூக்கடைப்பெல்லாம் புற்றுநோயல்ல, பயம் வேண்டாம். ஆனால் ஒரே பக்கத்தில் வாரக்கணக்கில் அடைப்பு, அடிக்கடி ரத்தக் கசிவு, வாசனை தெரியாமை இவை சேர்ந்து வந்தால், காது மூக்குத் தொண்டை நிபுணரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது. திருநின்றவூரில் மின்சார ரயில் ஏறினால், சென்ட்ரலுக்கு எதிரிலேயே அரசுப் பொது மருத்துவமனை இருக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது.

வீட்டில் எல்லோருக்கும் கஷாயம் வைத்துக் கொடுக்கும் பெண்கள் தங்கள் உபாதையை மட்டும் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்கிறார்கள். "ரசம் வாசனையே தெரியவில்லையே" என்று அம்மா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தால், சிரித்துவிட்டு எழுந்து போகாதீர்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.