மோட்டாரும் திரையும் ஒரே சிப்பின் கட்டுப்பாட்டில்: கொல்கத்தா மாணவர்கள் கற்கும் மைக்ரோகன்ட்ரோலர் பாடம் ஏன் முக்கியம்?

கொல்கத்தா: சலவை இயந்திரம், மின்தூக்கி, மருத்துவமனையில் மருந்து செலுத்தும் பம்ப் ஆகிய மூன்றிலும் ஒரு மோட்டார் சுழல்கிறது, ஒரு திரை தகவல் காட்டுகிறது, இரண்டையும் ஒரு சிறிய சிப் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சிப்புக்கு நிரல் எழுதும் பாடம் இந்தியாவின் பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் நீண்ட காலமாக உள்ளது. இப்போது அது பள்ளி வகுப்புகளுக்கும் வந்துள்ளது. நாட்டின் தொடக்ககாலக் கணினி வரலாற்றில் முக்கிய இடம் பெற்ற கொல்கத்தாவில் இந்தப் பாடத்துக்குத் தனித்த ஒரு பின்னணி உண்டு. மாணவர்கள் இதில் உண்மையில் எதைக் கற்க வேண்டும் என்பதை இங்கே காணலாம்.

மைக்ரோகன்ட்ரோலர் என்பது என்ன?

செயலி, நினைவகம், வெளியுலகுடன் இணைக்கும் முனைகள் ஆகிய அனைத்தும் ஒரே சிப்பில் அமைந்ததே மைக்ரோகன்ட்ரோலர். தமிழில் இது நுண்கட்டுப்படுத்தி எனப்படுகிறது. இன்டெல் நிறுவனம் 1980-ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய 8051 சிப், இந்தியப் பாடத்திட்டங்களில் இன்றும் இடம்பெற்றுள்ளது. அதன் தொடக்க வடிவத்தில் நிரலுக்கு 4 கிலோபைட்டும், தற்காலிகத் தரவுக்கு 128 பைட்டும் மட்டுமே இடம் இருந்தது.

இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005-ஆம் ஆண்டு உருவான ஆர்டுயினோ பலகை இந்தப் பாடத்தை எளிமையாக்கியது. அதன் 'ஊனோ' வகையில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் நிரலுக்கு 32 கிலோபைட், தரவுக்கு 2 கிலோபைட் இடம் உண்டு. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்தைக்கூட இதில் சேமிக்க முடியாது. ஆனால் ஒரு மோட்டாரையும் ஒரு திரையையும் இயக்க இந்த இடம் தாராளமாகப் போதும்.

மோட்டாரை நேரடியாக இணைத்தால் என்ன ஆகும்?

மாணவர்கள் முதலில் எதிர்கொள்ளும் பாடம் இதுதான். ஏடிமெகா328பி சிப்பின் ஒரு முனையிலிருந்து சுமார் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைப் பாதுகாப்பாகப் பெறலாம். 40 மில்லி ஆம்பியர் என்பது தாண்டக் கூடாத எல்லை. ஒரு பொம்மைக் காரின் மோட்டார் கூட, சுழலத் தொடங்கும் நொடியில் பல நூறு மில்லி ஆம்பியரை இழுக்கும். நேரடியாக இணைத்தால் அந்த முனையோ, முழுச் சிப்போ பழுதாகும்.

எனவே இரண்டுக்கும் நடுவில் 'டிரைவர்' எனப்படும் இன்னொரு சிப் தேவைப்படுகிறது. பயிற்சிக் கூடங்களில் பரவலாகப் பயன்படும் எல்293டி சிப், ஒவ்வொரு வழியிலும் 600 மில்லி ஆம்பியர் வரை தொடர்ந்து தாங்கும். மோட்டாருக்கான மின்சாரம் தனி மின்கலத்திலிருந்து வருகிறது. மைக்ரோகன்ட்ரோலர் அனுப்புவது கட்டளை மட்டுமே. மின்னோட்டம் நிற்கும்போது மோட்டாரின் கம்பிச்சுருள் எதிர்த்திசையில் உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். அதை வடிக்கும் டையோடுகள் இந்தச் சிப்பின் உள்ளேயே அமைந்துள்ளன.

கட்டளை வேறு, வேலை செய்யும் ஆற்றல் வேறு என்ற இந்தக் கருத்து கொல்கத்தாவுக்குப் புதிதல்ல. பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ், 1890-களின் நடுப்பகுதியில் இந்நகரின் டவுன் ஹாலில் மின்காந்த அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். அலை தந்தது தூண்டுதல் மட்டுமே. மணியை அடித்த ஆற்றல் அது இருந்த இடத்தின் மின்கலத்திலிருந்து வந்தது. இன்றைய டிரைவர் சிப் செய்வதும் இதையே.

வேகம் எவ்வாறு மாறுகிறது?

சிப்பின் முனைக்கு 'உண்டு', 'இல்லை' என்ற இரு நிலைகளே தெரியும். வேகத்தைக் குறைக்க, மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு முறை இணைத்தும் துண்டித்தும் விடுகிறார்கள். பாதி நேரம் இணைப்பில் இருந்தால் மோட்டாருக்குச் சராசரியாகப் பாதி மின்னழுத்தம் கிடைக்கும். இதற்குத் துடிப்பு அகலப் பண்பேற்றம் என்று பெயர். ஆர்டுயினோவில் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணை மாற்றினாலே போதும். ஆனால் எண் மிகவும் குறைந்தால் மோட்டார் சுழலாமல் ரீங்காரம் மட்டும் செய்யும். உராய்வை வெல்லும் விசை அதற்குக் கிடைக்கவில்லை என்பதே காரணம்.

கோணத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமெனில் சர்வோ மோட்டாரும், படிப்படியாக நகர்த்த வேண்டுமெனில் ஸ்டெப்பர் மோட்டாரும் பயன்படுகின்றன. பயிற்சிக்கு விலை மலிவாகக் கிடைக்கும் 28பிஒய்ஜே-48 ஸ்டெப்பர், ஒரு முழுச் சுற்றைச் சுமார் 2,048 படிகளில் முடிக்கிறது. அதன் கம்பிச்சுருள்களுக்கு மின்சாரம் செல்லும் வரிசை தவறினால், மோட்டார் சுழலாமல் ஒரே இடத்தில் அதிரும். நிரலில் எழுத்துப் பிழை இருந்தால் கணினி சுட்டிக்காட்டும். இந்தப் பிழையை அது சுட்டிக்காட்டாது. மாணவரே கண்டுபிடிக்க வேண்டும்.

திரையில் தமிழும் வங்கமும் தெரியுமா?

வகுப்பறைகளில் பெரும்பாலும் பயன்படுவது, வரிக்கு 16 எழுத்து வீதம் இரு வரிகள் காட்டும் எல்சிடி திரை. ஹிட்டாச்சியின் எச்டி44780 கட்டுப்பாட்டுச் சிப்பின் முறையையே இத்திரைகள் பின்பற்றுகின்றன. ஒவ்வோர் எழுத்தும் 5 நெடுவரிசை, 8 கிடைவரிசை கொண்ட புள்ளிக் கட்டத்தில் உருவாகிறது. இத்திரையில் ஆங்கில எழுத்துகள் முன்பே பதிவாகியுள்ளன. தமிழோ வங்கமோ இல்லை.

ஆயினும் மாணவர்கள் தாமே வடிவமைக்கும் 8 எழுத்துகளுக்கு அதில் இடம் உண்டு. தமிழின் 'ட', 'ப' ஆகியவை இந்தக் கட்டத்தில் எளிதில் அமைகின்றன. 'ண', 'ஞ' போன்றவை அடங்க மறுக்கின்றன. வங்க எழுத்துகள் மேலே செல்லும் 'மாத்ரா' என்ற கோட்டில் தொங்குபவை. கட்டங்களுக்கு இடையே இடைவெளி இருப்பதால் அந்தக் கோடு ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் அறுபடுகிறது.

தீர்வாக 128-க்கு 64 புள்ளிகள் கொண்ட சிறிய ஓஎல்இடி திரையைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் முழுப் படத்தையும் நினைவகத்தில் வைத்திருக்க 1,024 பைட் தேவை. ஊனோவின் 2 கிலோபைட்டில் சரிபாதி அதற்கே போய்விடும். தாய்மொழியில் ஒரு சொல்லைக் காட்டுவதற்கு என்ன விலை என்பதை மாணவர் பைட் கணக்கில் அறிந்துகொள்கிறார்.

சந்தன்நகரின் சுழலும் உருளைகள்

கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள சந்தன்நகர், துர்கா பூஜை, ஜகத்தாத்ரி பூஜை விளக்கு அலங்காரங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். மைக்ரோகன்ட்ரோலர்கள் பரவுவதற்கு முன் அங்குள்ள கலைஞர்கள் உலோகப் பட்டைகள் பதித்த உருளையை மோட்டாரால் சுழற்றி, பல்புகளை வரிசை மாற்றி எரியவைத்தனர். பட்டை தொடும் இடத்தில் விளக்கு எரியும், இடைவெளியில் அணையும். பறவை சிறகடிப்பதும் மீன் நீந்துவதும் இப்படித்தான் தோன்றின.

உண்மையில் அந்த உருளையே ஒரு நிரல். காட்சியை மாற்ற வேண்டுமெனில் பட்டைகளை மாற்றிப் பதிக்க வேண்டும். இன்று எல்இடி விளக்குகளை இயக்கும் சிப்பில் சில எண்களை மாற்றினால் போதும். வகுப்பில் எல்இடி வரிசையை எரியவிடும் மாணவர், தம் வட்டாரத்தின் பழைய தொழில் ஒன்றைப் புதிய கருவியால் செய்கிறார்.

இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்குவது எப்படி?

மோட்டாரைத் தனியாகவும் திரையைத் தனியாகவும் இயக்கக் கற்ற பிறகே கடினமான பகுதி வருகிறது. சிப்பில் உள்ள செயலி ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். தொடக்கப் பாடங்களில் 'இரண்டு நொடி காத்திரு' என்ற கட்டளையை மாணவர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். அந்த இரண்டு நொடியில் யாராவது நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டால், நிரல் அதைக் கவனிக்காது. மோட்டார் தொடர்ந்து சுழலும்.

மேசை மேல் இருக்கும் பொம்மைக்கு இது சிறு குறை. மின்தூக்கியிலோ மருந்து பம்பிலோ இது உயிராபத்து. ஆகவே காத்திருப்பதற்குப் பதிலாக, கடந்த நேரத்தை அடிக்கடி சரிபார்த்து வேலைகளைப் பகிரும் முறையும், பொத்தான் அழுத்தப்பட்ட கணமே செயலியை அழைக்கும் 'இன்டரப்ட்' முறையும் கற்பிக்கப்படுகின்றன. ஆபத்தான இயந்திரங்களில் நிரலை நம்பாமல் மின்சாரத்தையே துண்டிக்கும் தனிப் பொத்தானும் இருக்க வேண்டும் என்பது இதன் தொடர்ச்சி.

யார் கற்பிக்கிறார்கள்?

இந்தியப் புள்ளியியல் கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய ஐஎஸ்ஐஜேயு-1 கணினி, 1966-ஆம் ஆண்டு கொல்கத்தாவில் செயல்பாட்டுக்கு வந்தது. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கும் தேசிய நிறுவனம் 1965 முதல் இந்நகரில் இயங்குகிறது. சென்னை தரமணியில் உள்ள நிறுவனம் அதன் சகோதர அமைப்பாகும். 1959-இல் திறக்கப்பட்ட பிர்லா தொழில் மற்றும் தொழில்நுட்ப அருங்காட்சியகமும், தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் மன்றத்தின் தலைமையகமும் கொல்கத்தாவில் உள்ளன. அம்மன்றத்தின் புத்தாக்க மையங்களில் 'தோட்-ஃபோட்-ஜோட்' என்ற பகுதி உண்டு. பழைய கருவிகளைப் பிரித்து, உடைத்து, மீண்டும் சேர்த்துப் பார்ப்பதே அங்கு வேலை.

பள்ளிகளில் நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு இக்கருவிகளை வழங்குகிறது. தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி உண்டு. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் 50,000 ஆய்வகங்கள் அமைக்கப்படும் என 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. கருவி வாங்க நினைக்கும் கொல்கத்தா மாணவர்களுக்குச் சாந்தினி சவுக் சந்தை உள்ளது. சென்னையின் ரிச்சி தெருவைப் போல, உதிரிபாகங்கள் சில்லறையாகவும் அங்கு கிடைக்கும்.

எது தவறவிடப்படக் கூடாது?

கணினித் திரையிலேயே சுற்றை அமைத்து இயக்கிப் பார்க்கும் மெய்நிகர் ஆய்வகங்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. நிரலின் தர்க்கத்தைக் கற்க அவை பெரிதும் உதவும். ஆனால் தளர்ந்த கம்பி, சூடேறும் சிப், மோட்டார் தொடங்கும்போது மின்னழுத்தம் சரிந்து திரை அணைவது போன்றவற்றைக் கையால் செய்யும்போதுதான் முழுமையாக உணர முடியும். தேர்வில் நிரலை மனப்பாடமாக எழுதுவதாலும் இவை தெரியவராது. சில சிப்புகள் பழுதாவதைப் பள்ளியும் கல்லூரியும் செலவாகக் கருதாமல், பாடத்தின் பகுதியாகக் கருத வேண்டியிருக்கிறது.

இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்ட சிப்புகளும் வகுப்பறைகளுக்கு ஏற்ற வகையில் வந்துள்ளன. சி-டாக் நிறுவனத்தின் தேஜஸ்32 சிப் கொண்ட ஏரிஸ் பலகைகள் இதற்கு எடுத்துக்காட்டு. சென்னை ஐஐடி, சக்தி செயலிகளை உருவாக்கியுள்ளது. கொல்கத்தாவில் குளோபல் ஃபவுண்டரிஸ் நிறுவனத்தின் மையம் அமைவது குறித்து 2024 செப்டம்பரில் இந்திய-அமெரிக்கத் தலைவர்களின் சந்திப்பின்போது அறிவிக்கப்பட்டதும் குறிப்பிடத்தக்கது.