சோர்வுக்கு முன்னே ஓய்வு

ஒரு செம்பு நிறையத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கையைத் தோளுக்கு நேராக நீட்டி, அசையாமல் அதைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். சற்று நேரத்தில் தோள் கடுக்கும், கை நடுங்கும், செம்பு தானாகத் தாழும். சிறிது இளைப்பாறியபின், அதே செம்பைத் தோள் மட்டத்துக்கு உயர்த்தி, இறக்கி, மீண்டும் உயர்த்திப் பாருங்கள். முன்னைவிட நெடுநேரம் உங்களால் தாக்குப்பிடிக்க முடியும். சும்மா பிடித்துக்கொண்டு நிற்பதைவிடத் தூக்கி இறக்குவது எளிதாக இருக்கிறதே, எப்படி?

தசை சுருங்கும்போது தன்னுள்ளே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. உழைக்கும் தசைக்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் வந்து சேர வேண்டும். கழிவுப் பொருள்கள் வெளியேற வேண்டும். இரண்டையும் செய்வது இரத்தம்தான். செம்பை இறக்கும் ஒவ்வொரு முறையும் தசை தளர்கிறது, இரத்தம் பாய்கிறது. அசையாமல் நிற்கும் கைக்கோ அந்த வாய்ப்பே இல்லை.

ஆயுள் முழுதும் ஓயாமல் உழைப்பது இதயம் என்கிறோம். அது முழு உண்மை அன்று! நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயத்தின் கீழறைகள் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறத்தாழ 0.3 வினாடி சுருங்கி, 0.5 வினாடி தளர்ந்திருக்கின்றன. அதாவது நாளில் பாதிக்கு மேல் அவற்றுக்கு ஓய்வு. இடது கீழறையின் தசைக்கு வேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதி பாய்வதும் அந்தத் தளர்ச்சி நேரத்தில்தான்.

சோர்வை அளந்து பார்க்க முதன்முதலில் முனைந்தவர்களுள் ஒருவர், இத்தாலியில் டூரின் நகரப் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக இருந்த ஆஞ்செலோ மோஸோ. அவர் அமைத்த கருவியின் பெயர் எர்கோகிராஃப். கையைப் பலகையோடு பிணைத்து, நடுவிரலில் ஒரு கயிற்றைக் கட்டி, கப்பி வழியாக எடைக்கல்லைத் தொங்கவிடுவார்கள். இரண்டு வினாடிக்கு ஒரு முறை விரலை மடக்கி எடையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை எவ்வளவு உயர்ந்தது என்பதை, சுழலும் உருளையில் ஒரு முள் கோடாகப் பதிவு செய்யும். கோடுகள் வரவரக் குட்டையாகிக் கடைசியில் நின்றுபோகும்.

மோஸோவின் ஆய்வகத்தில் உழைத்த அர்னால்டோ மாஜோரா ஒரு முக்கியமான கணக்கைக் கண்டார். விரல் முற்றிலும் ஓய்ந்துபோகும்வரை 30 முறை மடக்கினால், பழைய வலிமை திரும்ப 2 மணி நேரம் பிடித்தது. 15 முறையோடு நிறுத்தினால்? ஒரு மணி நேரம் என்றுதானே நாம் சொல்வோம்? அரை மணி நேரமே போதுமானதாக இருந்தது! பாதி வேலைக்குக் கால்பங்கு ஓய்வு. 2 மணி நேரத்தில் முதல் வழியில் 30 முறை. இரண்டாம் வழியில் 60 முறை. கடைசிப் பதினைந்து முறைதான் தசையை மிகுதியாக வாட்டுகிறது.

சோர்வுக்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இன்றைய உடலியலார் அதன்மீது அவ்வளவு பழி போடுவதில்லை. தசை நாரினுள் சேரும் பாஸ்பேட், நாருக்கு வெளியே மிகும் பொட்டாசியம் போன்றவற்றையும் ஆராய்கிறார்கள். எதுவாயினும் அது விலக நேரம் வேண்டும்.

மூளை உழைப்புக்கும் விரலுக்கும் தொடர்பு உண்டா? மாஜோரா மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்துவதற்கு முன்னும் பின்னும் தம் விரலையே சோதித்துக்கொண்டார். தேர்வு முடிந்தபின் விரலின் வலிமை வெகுவாகக் குறைந்திருந்தது. தேர்வு மாணவர்களை மட்டுமே வாட்டுகிறது என்று எண்ணிவிடாதீர்கள்! 2022-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியான ஒரு கட்டுரையின்படி, 10 நிமிடத்துக்கு மேற்படாத இடைவேளைகள் களைப்பைக் குறைத்து ஊக்கத்தைக் கூட்டுகின்றன. ஆனால் மூளையைக் கசக்கும் வேலைக்கு அவ்வளவு போதாமலும் போகலாம்.

இடைவேளை என்பது உழைத்த உறுப்பு ஓய்வதுதான். புத்தகத்தை மூடிவிட்டுக் கைபேசியைப் பார்ப்பவரின் கண்ணுக்கு ஏது இடைவேளை? அருகில் உள்ளதைக் காண, விழிவில்லையைச் சுற்றியுள்ள தசை சுருங்கியே இருக்க வேண்டும். சன்னல் வழியே தொலைவிலுள்ள மரத்தைப் பார்த்தால் அது தளரும்.

இப்போது ஒரு துணிக்கடையை நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருக்கும் பெண்ணை, ‘சும்மாதானே நிற்கிறாள்’ என்று சிலர் சொல்லக்கூடும். அவள் நிலையோ அசையாமல் செம்பைப் பிடித்த கையின் நிலைதான். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, சிரைகளில் உள்ள இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் நின்றால் இரத்தம் கீழே தேங்குகிறது. கால் வீங்குகிறது. வேலையினிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை அளிக்க வேண்டும் என்று கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் தத்தம் கடைகள் சட்டத்தைத் திருத்தின. இருக்கை போட்டால் மட்டும் போதாது. உட்கார்ந்தால் முறைக்காத மேற்பார்வையாளரும் வேண்டும்.

எர்கோகிராஃப் இல்லாமலே நீங்கள் ஒரு சோதனை செய்யலாம். கொடியில் துணி மாட்டும் கிளிப் ஒன்றே போதும். முதல் நாள், இரு விரல்களால் முடியாத அளவுக்கு அதை அமுக்கி அமுக்கித் திறந்து எண்ணுங்கள். 5 நிமிடம் ஓய்ந்தபின் மறுபடியும் அவ்வாறே. அரை மணி நேரம் இப்படிச் செய்யுங்கள். மறுநாள், முதல் எண்ணிக்கையில் பாதி ஆனதும் நிறுத்தி, ஒன்றேகால் நிமிடம் மட்டும் ஓய்வு கொடுத்து, அதே அரை மணி நேரம் செய்யுங்கள். இரண்டு நாள் கணக்கையும் குறித்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.