கிழிந்த சுவரொட்டி

குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்குக் காத்து நிற்கும்போது, சுவரில் கிழிந்து தொங்குகிற விளம்பரத்தை ஒரு ஓவியமாகப் பார்த்திருக்கிறீர்களா, நேயர்களே? எங்கட தீவகத்து உறவுகள் பலர் வாழும் பாரிஸில் இரண்டு நண்பர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். ரேமோன் ஹேன்ஸ், ஜாக் வில்லெக்லே. 1949இல், தெருச்சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டிக் கிழிந்துபோன சுவரொட்டிகளைப் பாளம் பாளமாக உரித்து, துணியில் ஒட்டினார்கள். தூரிகையும் இல்லை, வர்ணமும் இல்லை!

சரி, அப்ப ஓவியர் யார்? வீதியால் போகிறபோது ஒரு துண்டைக் கிழித்துவிட்டுப் போன, பெயர் தெரியாத ஆள்தான் என்றார் வில்லெக்லே. பெரிய மனசுதான்! இருவரும் சேர்ந்து செய்த அந்த முதல் படைப்பு, இன்று பாரிஸின் புகழ்பெற்ற பொம்பிடூ நூதனசாலைக்குச் சொந்தம்.