சொதியில் இருந்த கொழுப்பு எங்கே போனது?

சோற்றுக்குச் சொதி ஊற்றும்போது, “இந்தத் தேங்காய்க் கொழுப்பு உடம்புக்குள் எங்கே போகும்?” என்று யோசித்திருக்கிறீர்களா? யோசித்திருந்தால் நீங்கள் பெரிய கெட்டிக்காரர்தான்.

கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனை மருத்துவபீடத்தில் மருத்துவர் சாந்தி மென்டிஸும் இன்னோர் ஆய்வாளரும் இந்தக் கொழுப்பைப் பற்றி ஆராய்ந்தார்கள். இளைஞர்களுக்குத் தேங்காய்க் கொழுப்பும் சோயாக் கொழுப்பும் வெவ்வேறு காலத்தில் கொடுத்து, அவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அந்த ஆய்வு 1990-இல் வெளிவந்தது.

இரத்தத்தில் எதைத் தேடுவது? கொழுப்பு தண்ணீரில் கரையாது, இல்லையா? அதனால் உடம்பு அதைப் புரதத்தோடு சேர்த்துச் சின்னப் பொதிகளாக்கி அனுப்புகிறது. அவைதான் இலிப்போபுரதங்கள். கொழுப்புக் கூடிய பொதி இலேசானது. புரதம் கூடியது பாரமானது. இது விளங்கினால் மற்றதெல்லாம் சுலபம்.

எல்.டி.எல் என்ற பொதி அளவுக்கு மிஞ்சினால் இரத்தக்குழாய்ச் சுவரில் கொலஸ்ட்ரோல் என்ற கொழுப்பு படியும். எச்.டி.எல் என்ற இன்னொரு பொதி மீதிக் கொலஸ்ட்ரோலை ஈரலுக்குத் திருப்பிக் கொண்டுபோகும். ஆகவே மொத்தக் கொலஸ்ட்ரோலை மட்டும் அளந்தால் போதுமா? போதாது! பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிழிந்த தேங்காய்ப்பாலை அசைக்காமல் வைத்தால் மேலே ஆடை கட்டுமே, பார்த்திருப்பீர்கள். கொழுப்பு உணவு சாப்பிட்டவரின் இரத்தத்திலிருந்து சிவப்பணுக்களை நீக்கி, மஞ்சள் திரவத்தை இரவு முழுக்கக் குளிரில் வைத்தாலும் அப்படித்தான். மிகப் பெரிய பொதிகள் வெள்ளையாக மேலே வந்துவிடும்.

சின்னப் பொதிகள் தாமாக வராது. அவற்றைச் சுழற்ற வேண்டும். சுவீடனின் தியோடர் ஸ்வெட்பெர்க் உருவாக்கிய அதிவேக மையநீக்கி நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும். அவர் 1926-இல் நோபல் பரிசு பெற்றவர்.

எல்.டி.எல் தண்ணீரைவிடச் சற்றுப் பாரம். பிறகு எப்படி மிதக்கும்? திரவத்தில் உப்பைக் கரைத்து, ஒரு மில்லிலீற்றரின் நிறையை 1.063 கிராமுக்கு உயர்த்துவார்கள். பொதியின் பாரத்தைக் குறைக்க முடியாதே, அதனால் திரவத்தின் பாரத்தைக் கூட்டிவிட்டார்கள்! எனக்கு மிகவும் பிடித்த யுக்தி இது. பல மணிநேரம் சுழற்றியதும் எல்.டி.எல் மேலே வரும். எச்.டி.எல் கீழே நிற்கும்.

ஆஸ்பத்திரியில் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியுமா? அங்கே அந்த மஞ்சள் திரவத்தில் நொதியங்களைச் சேர்ப்பார்கள். கொலஸ்ட்ரோல் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நிறம் கடுமையானால் கொலஸ்ட்ரோல் அதிகம். அதைக் கருவி அளந்து சொல்லும்.

அம்மம்மாவின் பரிசோதனைத் தாள் வீட்டுக்கு வந்தால், எல்.டி.எல், எச்.டி.எல் என்ற இரண்டு வரிகளையும் தேடிப் பாருங்கள்.